பேனா மோகம்

குடி, சூது முதலிய துர்ப்பழக்கங்களைக் கண்டிக்க ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. மரியாதை வாய்ந்த பழக்கங்களைக் கண்டிக்கத்தான் ஒருவரும் முன்வருவதில்லை. கையிலிருக்கும் பணத்தைக் கொடுத்து ஒருவன் பட்டுச் சட்டை வாங்கினால் அவனை டம்பக்காரன் என்கிறோம். அதே பணத்துக்குப் பேனா வாங்கினால் படிப்பாளி என்கிறோம். இந்தச் சலுகையினால் கெட்டுப்போகிறவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்று சிறிது விசாரிப்போம். இதை எழுதுகிற நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம்.

ஊற்றுப்பேனா அபிமானி ஒருவர் புதுப் பேனா வாங்கும் முறையைக் கவனியுங்கள். காலையில் எழுந்தபோது அவருக்கு அந்த எண்ணமே கிடையாது. இரவு சாப்பாடு முடிந்து கைப்பேசியைக் கையில் எடுக்கிறார். புதிதாக வந்திருக்கும் ஒரு பேனாவின் படம் கண்ணில் படுகிறது. தம்மிடம் நீலப் பேனாக்கள் மூன்று இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவை கடல் நீலம். இது ஆகாய நீலம். பழைய நிப்புகள் சற்றுத் தடித்தவை, இது மெல்லியது. மேலும், இந்த நிறம் சில நூறுதான் செய்திருக்கிறார்களாம், நாளைக்குக் கிடைக்காது. இவ்விதமாக வாதியும் வக்கீலும் நியாயாதிபதியும் தாமே ஆகிப் பத்து நிமிஷத்தில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். நாலாம் நாள் பெட்டி வருகிறது. வீட்டில் நடக்கும் விசாரணைக்கு, "இது பழசுதான், பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன்" என்று ஒரு பொய் பிறக்கிறது. பிறகு மை நிரப்பித் தம் பெயரையும் அன்றைத் தேதியையும் நாலைந்து தரம் எழுதிப் பார்க்கிறார். அந்தப் பேனா தன் ஆயுளில் எழுதுவது பெரும்பாலும் அவ்வளவுதான். மறு மாதம் அது மேஜை அறைக்குள் மற்றப் பேனாக்களோடு படுத்துவிடுகிறது. கைப்பேசியில் இன்னொரு படம் வருகிறது.

ஊற்றுப்பேனா பிறந்தது இதற்காக அன்று. 1884-ல் லூயிஸ் வாட்டர்மன் என்ற அமெரிக்கர் தம் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். பேனாவுக்குள் இருக்கும் மை நிப்பின் வழியாக இறங்கும்போது, அதற்கு ஈடான காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் மை நின்றுவிடும். அதிகமாகப் போனால் கொட்டிவிடும். நிப்புக்கு அடியில் நாக்குப் போல் இருக்கும் கட்டையில் நுண்ணிய வாய்க்கால்களை வெட்டி, மையையும் காற்றையும் அளவாகப் போக வரச் செய்ததே அவருடைய சாமர்த்தியம். இதனால் எழுதுகிறவன் மைக்கூட்டைக் கட்டிக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் நிலை நீங்கியது. ரெயிலிலும் கப்பலிலும் கூட்டத்து மேடையிலும் எழுதும் சுதந்திரம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு மனிதனுக்கு ஒரு பேனாதான். பரீட்சை தேறியபோது தகப்பனார் வாங்கிக் கொடுத்தது, தொலையும் வரையில் சட்டைப் பையில் இருக்கும். நிப்பு ஒருவர் கைக்குப் பழகிவிடும் என்பதால் அதை இரவல் கொடுக்கவும் மாட்டார்கள்.

இந்த நிலையை மாற்றியதும் ஒரு திடீர்க் கொள்முதல்தான் என்பது வேடிக்கை. 1945-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி நியூயார்க்கில் கிம்பல்ஸ் என்னும் கடையில் ரேனால்ட்ஸ் என்பவரின் பந்துமுனைப் பேனா விற்பனைக்கு வந்தது. விலை பன்னிரண்டரை டாலர். முதல் நாளில் மட்டும் ஏறக்குறைய 10,000 பேனாக்கள் விற்றுப்போயின. வாங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டில் நல்ல பேனா இல்லாமல் இருந்தார்கள்? புதுமை என்ற ஒரு சொல்லுக்காகவே வரிசையில் நின்றார்கள். வாங்கிய பேனா ஒழுகிச் சட்டையைக் கெடுத்தது. சில வருஷங்களில் அதன் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. பின்னர்க் குறைகள் திருத்தப்பட்டு, பந்துமுனைப் பேனா உலகமெங்கும் ஏழை எளியவர் கைக்கெல்லாம் வந்து சேர்ந்தது. அது நல்லதே. ஆனால் அன்று முதல் ஊற்றுப்பேனா மனிதனுக்குத் தேவையான பொருள் என்ற ஸ்தானத்தை இழக்கத் தொடங்கிற்று.

தேவை போன பிறகு எஞ்சி நின்றது ஆசை. தேவைக்கு விற்கும் பொருளை ஒருவனுக்கு ஒரு முறைதான் விற்கலாம். ஆசைக்கு விற்கும் பொருளை அவனுக்கே வருஷந்தோறும் விற்கலாம். இதை வியாபாரிகள் நன்றாக அறிந்துகொண்டார்கள். ஜெர்மனியின் லாமி கம்பெனி 1980-ல் மாணவர்களுக்கென்று சஃபாரி என்ற எளிய பேனாவைக் கொண்டுவந்தது. உண்மையிலேயே நல்ல பேனா. இன்று வருஷந்தோறும் அதற்குப் புது நிறம் வருகிறது. நிப்பும் அதுவே, கட்டையும் அதுவே, எழுத்தும் அதுவே. மேல் வர்ணம் மட்டும் வேறு. அபிமானிகள் அவ்வர்ணங்களைத் தபால் தலை சேர்ப்பதுபோல் சேர்க்கிறார்கள்.

இந்த வியாபார சாமர்த்தியம் எதுவரைக்கும் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். 2009-ல் மாண்ட் பிளாங்க் என்ற அந்நியக் கம்பெனி மகாத்மா காந்தியின் பெயரால் ஒரு தங்கப் பேனாவை வெளியிட்டது. நிப்பின்மேல் கையில் கோலுடன் நடக்கும் காந்திஜியின் உருவம். தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் 241 பேனாக்கள் மட்டும். ஒன்றின் விலை 11 லட்ச ரூபாய்க்கு மேல்! உப்புக்கு வரி கொடுக்க மாட்டோம் என்று 1930-ல் நடந்த அந்த நடையின் மைல் கணக்கை எண்ணி, கோடீசுவரர்களுக்குப் பேனா விற்கத் துணிந்தார்கள். தேசத் தலைவர்களின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ம் வருஷச் சட்டத்தைக் காட்டிக் கேரளத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் அந்த விற்பனை நிறுத்தப்பட்டது.

காந்திஜிக்கும் பேனாவுக்கும் உண்மையான சம்பந்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆந்திர தேசத்தில் கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் என்ற கைத்தொழிலாளர், சாதாரண ஜனங்களுக்குப் பயன்படும் பொருளொன்றை நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற காந்திஜியின் யோசனையை மேற்கொண்டு பேனா செய்ய முனைந்தார். அவர் அனுப்பிய பேனாவால் எழுதிப் பார்த்த காந்திஜி, கடைத்தெருவில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாக இருக்கும் என்று 1935-ல் அவருக்குக் கடிதம் எழுதினார். படத்தைப் பார்த்தோ பெயரைக் கேட்டோ சொன்ன அபிப்பிராயம் அன்று அது. உபயோகித்துப் பார்த்துச் சொன்னது. பேனாவுக்கு வேறு எந்தப் பரீட்சையும் கிடையாது.

இவ்விடத்தில் அபிமானிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்தல் கூடாது. "நாங்கள் வாங்காவிட்டால் இந்தக் கைத்தொழில் என்றோ அழிந்திருக்கும்" என்பார்கள். அது உண்மையே. விருதுநகர் ஜில்லாவிலுள்ள சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர் பெற்றிருந்தது. எஃகுத் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே பிளந்து, மெருகேற்றும் சிறு பட்டறைகள் அங்கே ஏராளமாக இருந்தன. பந்துமுனைப் பேனா பரவியதும் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கை வேறு வேலைக்குப் போயிற்று. ஆனால் திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் எபொனைட் பேனாக்களைக் கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கும் தொழில் இன்றும் நடக்கிறது. எபொனைட் என்பது ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்திய பொருள். மரம் போல் கடைசலுக்கு இசையும், கைக்குக் குளிராது. அந்தப் பேனாக்களை வாங்கித் தொழிலாளியின் அடுப்பு எரியச் செய்கிறவர்கள், உள்நாட்டிலும் கடல் கடந்தும் இருக்கிற இந்த அபிமானிகளே. ஆகவே, பேனா வாங்குவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தங்க நகையைப் பெட்டியில் வைத்தால் அது தங்கமாகவே இருக்கும். பேனாவின் ஸ்வபாவம் அப்படியன்று. மை நிரப்பி எழுதாமல் வைத்தால் நீர் ஆவியாகிப் போகிறது. சாயம் மட்டும் வாய்க்கால்களில் வண்டலாகத் தங்கி அடைக்கிறது. இரும்புச் சத்துக் கலந்த மையாயின் கேடு இன்னும் அதிகம். எழுதினால்தான் பேனா சுத்தமாக இருக்கும். ஜப்பானில் பிளாட்டினம் கம்பெனியார் 2011-ல் ஒரு பேனாவை வெளியிட்டபோது, இரண்டு வருஷம் எழுதாமல் வைத்தாலும் மை உலராத மூடி என்று விளம்பரம் செய்தார்கள். நல்ல மூடிதான். ஆனால் இரண்டு வருஷம் தொடாமல் வைத்திருப்பதற்காகவா மனிதன் பேனா வாங்குகிறான்? விற்கிறவர்களுக்கு வாங்குகிறவர்களின் குணம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்று எண்ணும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவரிடம் நாற்பதுக்கு மேற்பட்ட பேனாக்கள் உண்டு. அவருடைய ஊர் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் தூர்ந்துபோயிருந்தது. மழைக்கு முன் அதை வெட்டித் தரும்படி அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்குமாறு ஊரார் அவரைக் கேட்டார்கள். அவரும் இசைந்தார். அந்தச் சமயம் புதுப் பேனா ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தார். நல்ல காரியத்தை அதனால் தொடங்கலாம் என்று காத்தார். பேனா வந்தது. அதற்கு ஏற்ற கறுப்பு மை இல்லை, மைக்குச் சொல்லியனுப்பினார். மை வந்தது, காகிதத்தில் ஊறிப் படர்ந்தது. நல்ல காகிதம் தேடிக்கொண்டிருக்கையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரியின் பாதிக்கு மேல் தண்ணீர் வரவில்லை. அடுத்த வருஷத்துக்கான மனுவை எதிர் வீட்டுப் பையன் ஒருவன் ஐந்து ரூபாய்ப் பந்துமுனைப் பேனாவால் கால் மணி நேரத்தில் எழுதி முடித்தான். இந்தக் கதையை உபாத்தியாயரே நமக்குச் சொன்னார். "நாற்பது பேனாவும் மேஜையில்தான் இருந்தன, ஐயா. எடுத்து எழுத எனக்குத்தான் கை வரவில்லை" என்றார்.

புதுப் பேனா மோகத்தின் உள்ளர்த்தம் இதுதான். எழுத வேண்டியதை எழுதாததற்கு ஒரு சாக்கு வேண்டும். புதுப் பேனா வந்தால் எழுதுவோம் என்பதைவிட மரியாதையான சாக்கு வேறு கிடையாது. வாங்கும்போது எழுதிவிட்டதுபோன்ற ஒரு திருப்தி உண்டாகிறது; அந்தத் திருப்தி உண்டான பின் எழுதுவதற்கு அவசரம் ஏது? 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புகையில், கில்டோனன் காசில் என்ற கப்பலில், பத்து நாளில் காந்திஜி 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலை எழுதி முடித்தார். காகிதம் கப்பலில் கிடைத்த காகிதம். வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதினார். 275 பக்கங்களில் சுமார் 40 பக்கம் இடக்கை எழுத்து. சொல்ல வேண்டிய விஷயம் உள்ளே முட்டிக்கொண்டு நின்றதால், கை மாறியதேயன்றி வேலை நிற்கவில்லை.

மேற்படி உபாத்தியாயர் இப்பொழுது ஒரு விரதம் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு புட்டி மையை எழுதித் தீர்க்காமல் புதுப் பேனா வாங்குவதில்லை என்பது அது. கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றும். 30 மில்லி மை கொண்ட சிறு புட்டி, 2 மில்லி பிடிக்கும் பேனாவைப் பதினைந்து தரம் நிரப்பும். அவ்வளவையும் எழுதித் தீர்ப்பதற்குள் ஊர்க்காரர்களின் மனுக்கள், உறவினருக்குப் பதில் கடிதங்கள், பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எல்லாம் முடிந்துவிடும். தீர்ந்த பிறகும் வாங்கத் தோன்றினால், கடைசல் தொழிலாளியிடம் தம் கைக்கு ஏற்ற அளவு சொல்லிச் செய்து வாங்குகிறார். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பிறந்த ஆசையாயின் காத்திருக்கும்போதே செத்துப்போகும். உண்மையான ஆசையாயின் பிழைத்திருக்கும். வாங்கிய பேனா பழுதானால் செய்தவரே சரிசெய்தும் கொடுப்பார். பணமும் உழைத்தவன் கைக்குப் போய்ச் சேரும்.

அபிமானிகளுக்கு நாம் சொல்லத் துணிவது இவ்வளவே. இன்று இரவு கைப்பேசியைத் திறக்குமுன் மேஜை அறையைத் திறந்து பாருங்கள். அங்கே உலர்ந்து கிடப்பவற்றுள் ஒன்றை எடுத்து, வெந்நீர் வேண்டாம், தண்ணீரில் கழுவி மை நிரப்புங்கள். உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், நெடுநாளாக எழுதாமல் விட்டிருக்கும் அந்த ஒன்றை எழுதத் தொடங்குங்கள். அது எது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.