அப்பாரு எழுந்து நடக்கட்டும்

சென்ற மாதம் ஒரு நாள் காலை, எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அழைத்து வந்தார்கள். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மருமகள் நூற்பாலைக்குச் செல்கிறார். ஒன்றரை மாதத்திற்கு முன் பெரியவருக்குக் காய்ச்சல் வந்து, ஒரு வாரத்தில் குணமாகிவிட்டது. அதன் பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. "வயசாயிருச்சுங்க டாக்டர். நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு விட்டுட்டோமுங்க" என்றார் மகன்.

காய்ச்சலுக்கு முன்பு தோட்டம் வரை நடந்து சென்று மாட்டுக்குத் தீவனம் போட்டு வந்தவர் அவர். காய்ச்சலுக்குப் பின் கிடைத்த ஓய்வு அவருடைய கால்களின் வலிமையைக் கொண்டு போய்விட்டது.

அந்தக் குடும்பத்தைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. வீடு திரும்பும் முதியவர்களிடம் "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று பல ஆண்டுகள் சொல்லி அனுப்பியவன்தான் நானும். அமெரிக்காவில் நடந்து 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், உடல்நலத்துடன் இருந்த முதியவர்களைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாள்களில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். நோயற்றவர்களுக்கே இந்நிலை என்றால், காய்ச்சலில் வாடிய எண்பது வயது உடலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

முதுமைத் தளர்ச்சி என்பது என்ன?

முதுமையும் தளர்ச்சியும் ஒன்றல்ல. தொண்ணூறு வயதிலும் தம் வேலையைத் தாமே செய்து கொள்பவர் உண்டு. அறுபத்தெட்டில் தளர்ந்தவரும் உண்டு. 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஃபிரைடும் அவருடைய குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலேயே எடை குறைதல், எப்போதும் சோர்வு, கைப்பிடியின் வலிமை குறைதல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல். இவற்றுள் மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எளிய சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். உறுதியான நாற்காலியில் பெரியவரை அமர்த்தி, கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். அருகில் ஒருவர் நிற்க வேண்டும். 14 விநாடிகளுக்குள் முடிக்க இயலாவிட்டால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

ஆய்வுகள் காட்டும் வழி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த நூறு பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியாயிற்று. அவர்களின் சராசரி வயது 87. பத்து வாரம் கால் தசைகளுக்குப் பயிற்சி பெற்றவர்களின் தசை வலிமை இரு மடங்கிற்கும் மேல் உயர்ந்தது. பயிற்சியின்றிச் சத்துபானம் மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை. விலை உயர்ந்த சத்துமாவு டப்பாக்களை வாங்கும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வகுத்த வீட்டுப் பயிற்சியில், கால் வலிமைக்கும் உடல் சமநிலைக்குமான பயிற்சிகள் வாரம் மூன்று நாள். அவற்றுடன் நடைப்பயிற்சியும் உண்டு. ஆயிரத்திற்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்தபோது, கீழே விழுதல் 35 சதவீதம் குறைந்தது. ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் குடும்பம் முழுவதும் எவ்வளவு துயருறும் என்பதை நம்மில் பலர் அறிவோம்.

மற்றோர் ஆய்வு 2002இல் அமெரிக்காவில் வெளியானது. 75 வயதைக் கடந்து, வீட்டில் வாழ்ந்த தளர்ந்த முதியவர்கள் 188 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினரின் வீட்டிற்கு இயன்முறை சிகிச்சையாளர் ஆறு மாதங்கள் சென்று பயிற்சி தந்தார். நடுத்தரத் தளர்ச்சி உடையவர்கள் பிறர் உதவியை நாடும் நிலை குறைந்தது. மிகவும் தளர்ந்துவிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே, படுத்த பின் தொடங்குவதைவிடத் தளரும்போதே தொடங்குவது நல்லது.

இந்தியாவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் 14 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. வீட்டில் பயிற்சி அளிப்பது எப்படி என்று குடும்பத்தினருக்குக் கற்பித்தார்கள். ஆறு மாதங்களுக்குப் பின், கற்பிக்கப்பட்ட பிரிவிலும் மற்றப் பிரிவிலும் 47 சதவீதத்தினர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். அன்பும் உழைப்பும் தந்தும் பலன் கிட்டாத குடும்பங்கள் தம்மைத் தாமே நொந்து கொள்ள வேண்டாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். முழுச் சுமையையும் குடும்பத்தின் தோளில் ஏற்றினால் போதாது; பயிற்சி பெற்றவர்களின் தொடர்ந்த துணையும் தேவை.

வீட்டில் செய்யத்தக்கவை

• வேலைக்குப் புறப்படும் முன் பத்து நிமிடம், திரும்பிய பின் பத்து நிமிடம் பெரியவருடன் இருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து அமரச் செய்யுங்கள். வாசல் வரை நடத்திச் செல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

• தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுவது கடினம். முழங்கால் உயரத்தில் உறுதியான கட்டில் நல்லது.

• குளியலறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கும், கழிப்பறையில் கைப்பிடியும் அமையுங்கள். ஈரத் தரையை உடனே துடையுங்கள்.

• ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும்: பருப்பு, தயிர், முட்டை, சுண்டல். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின் அளவை முடிவு செய்யுங்கள்.

• பெரியவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். தூக்க மாத்திரையாலும் இரத்த அழுத்த மாத்திரையாலும் சிலருக்குத் தலைசுற்றல் வந்து விழ நேரிடும். நீங்களாகவே எதையும் நிறுத்த வேண்டாம்.

• திடீர்க் குழப்பம், வழக்கத்திற்கு மாறான உறக்கம், உணவை முற்றிலும் மறுத்தல் ஆகியவற்றை வயதின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே அழைத்து வாருங்கள்.

துணை எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு வருவதுடன், இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் இத்திட்டத்தில் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

பராமரிப்பவரின் உடல்நலமும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பணி ஒரே பெண்ணின் மீது விழுகிறது. வாரத்தில் ஒரு நாளேனும் மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன பெரியவர் இப்போது ஊன்றுகோலுடன் திண்ணை வரை வருகிறார். தோட்டத்திற்குப் போவாரா என்று என்னால் உறுதி கூற இயலாது. இரண்டு வாரம் முன்னதாகவே வந்திருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் நேற்று வரை சென்ற இடத்திற்கு இன்று செல்லவில்லையெனில், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் எங்களிடம் சொல்லுங்கள்.