ரூபாய்க்குப் பத்துக் காசு: வாசகருக்குச் சேரவேண்டிய கணக்கு

முந்நூறு பக்கத் தமிழ் நாவல் ஒன்றின் விலை இப்போது 350, 400 ரூபாய் ஆகிவிட்டது. மாதம் இரண்டு புத்தகம் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபாய் வேண்டும். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணும், விடுதிக் கட்டணத்துக்கே திண்டாடும் கல்லூரி மாணவரும், ஓய்வூதியம் இல்லாத முதியவரும் இந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? “படிக்க ஆசைதான், வாங்கக் கட்டுப்படியாகவில்லை” என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அவர்களில் பலருக்குத் தெரியாத இன்னொரு உண்மையும் இருக்கிறது. புத்தகத்துக்கான பணத்தை அவர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். 1948இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் அதுதான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வற்புறுத்தியதும், கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியும் அதைக் கொண்டுவந்தன. அந்தச் சட்டத்தின்படி மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்று அது ரூபாய்க்கு 10 காசு. மூவாயிரம் ரூபாய் சொத்து வரி கட்டும் வீட்டிலிருந்து முந்நூறு ரூபாய் நூலகத்துக்கென்று போகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது.

ஆகவே கிளை நூலகத்தில் ஒருவர் புத்தகம் எடுப்பது அரசு காட்டும் தயவு ஆகாது. அது அவருடைய பணத்தில் வாங்கிய புத்தகம். தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று எல்லாம் சேர்த்து 4,500க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. உறுப்பினராக முகவரிச் சான்றும், சிறிய காப்புத் தொகையும் சந்தாவும் போதும். ஒரு புதுப் புத்தகத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. காப்புத் தொகை, உறுப்பினர் நீங்கும்போது திருப்பித் தரவேண்டிய பணம். அதனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பதால் வேலைக்குப் போகிறவர்களும் போகலாம்.

“எங்கள் ஊர் நூலகத்தில் பழைய வார இதழும் போட்டித் தேர்வு வழிகாட்டியும்தான் கிடக்கின்றன” என்று ஒரு குறை பரவலாக உண்டு. பல ஊர்களில் அது நியாயமான குறை. அதோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் தவறு. வேண்டிய நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதி நூலகரிடம் கொடுங்கள். ஒரு பிரதியை மாவட்ட நூலக அலுவலருக்கும் அனுப்புங்கள். ஒருவர் எழுதினால் காகிதம், இருபது வாசகர்கள் கையெழுத்திட்டால் கோரிக்கை. அதற்கும் அசையவில்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் உங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டே கேள்விகள் போதும்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் நூலக வரியாக எவ்வளவு வசூலானது? அதில் எவ்வளவு, எந்தத் தேதியில் நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தப்பட்டது? ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வேறு ஒரு மனுவில், அந்தப் பணத்தில் எந்தெந்த நூல்கள் வாங்கப்பட்டன என்று கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. உள்ளாட்சிகள் நூலக வரியை வசூலித்துவிட்டு நிலுவை வைப்பது பழைய நோய். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது குறையும்.

விலை அதிகமான ஆய்வு நூல், அச்சில் இல்லாத நூல் போன்றவற்றுக்கு வேறு வழி உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர்கள் நான்கு நூலகங்களுக்குத் தங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அந்த நான்கில் ஒன்று சென்னை எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். சென்னைக்கு வேறு வேலையாக வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால், ஆயிரம் ரூபாய் நூலை உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துப் போகலாம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இப்படிப் பயன்படக்கூடியவை.

நல்ல புத்தகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கும் நூலகமே நல்ல விடை. பின்னட்டைப் பாராட்டு, வெளியீட்டு விழாப் பேச்சு, ‘கட்டாயம் படிக்க வேண்டிய நூறு’ போன்ற பட்டியல்கள் இவற்றை நம்பி வாங்கி, பதினைந்தாம் பக்கத்தில் மூடிவைத்த புத்தகங்கள் எத்தனை வீடுகளில் அடுக்கிக் கிடக்கின்றன! நூலகத்தில் நின்றபடி இருபது பக்கம் படித்துவிடுங்கள். பிடித்தால் எடுங்கள், மறுபடி படிக்கத் தோன்றினால் மட்டும் வாங்குங்கள். புதிதாக ஓர் எழுத்தாளரைத் தொடங்கும்போது அவருடைய பெரிய நாவலுக்குப் போகாமல் சிறுகதைத் தொகுப்பில் தொடங்குவது என் வழக்கம். மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரைவிட மொழிபெயர்ப்பாளர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் பிற இந்திய மொழிகளிலிருந்து கொண்டுவந்த நூல்களை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் அப்படித்தான் வந்தது. அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவலை சு. கிருஷ்ணமூர்த்தி ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்று தந்ததும் அப்படித்தான். பக்க எண்ணிக்கைக்கு இந்த நிறுவனங்கள் வைக்கும் விலை தனியார் பதிப்புகளைவிடப் பொதுவாகக் குறைவு. விளம்பரம் இல்லாததால் பலர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

இனி, பணமே கொடுக்காமல் சட்டப்படி படிக்கக்கூடிய நூல்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் வரைதான் உரிமை. உ.வே.சாமிநாதையர் 1942இல் காலமானார். அவர் எழுதியவை 2003 தொடக்கத்திலிருந்து எல்லோருக்கும் பொது. அந்தக் காலக்கெடு முடியும் முன்பே அரசு உரிமையை வாங்கி மக்களுக்குக் கொடுக்கும் நாட்டுடைமை என்னும் நல்ல வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பாரதியின் எழுத்துகளை அரசு 1949இல் வாங்கி, 1955இல் பொதுவாக்கியது. கல்கி, புதுமைப்பித்தன், பாரதிதாசன் தொடங்கி நீண்ட வரிசை அதற்குப் பின் வந்தது. எழுத்தாளருக்கோ வாரிசுகளுக்கோ அரசு பரிவுத்தொகை கொடுக்கிறது. இவற்றில் பெரும்பகுதி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டெழுதிச் சேர்த்த களஞ்சியம். ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள் தேவைப்படுவோர் நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்புக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பாடநூல் கழகத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றை ஒளிநகல் எடுத்துக் கட்டுக்கட்டாக விற்பவர்களிடம் போட்டித் தேர்வு மாணவர்கள் பணத்தை இழக்க வேண்டியதில்லை.

நாட்டுடைமை நூலை அச்சில் வாங்கும்போது ஒரு கவனம் தேவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பல பதிப்பகங்களின் பதிப்புகள் கடையில் இருக்கின்றன, விலையும் பலவிதம். மலிவுப் பதிப்பில் தவறில்லை. ஐந்து பாகமும் முழுதாக இருக்கின்றனவா, ‘சுருக்கம்’ என்ற சொல் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிறதா, எழுத்து கண்ணை உறுத்தாத அளவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய நூலாகவே இருந்தாலும், அறிஞர் ஒருவர் பாடபேதம் பார்த்துச் சேர்த்த குறிப்புகளும் முன்னுரையும் கொண்ட செம்பதிப்பு என்றால் அந்தக் குறிப்புகளுக்கும் முன்னுரைக்கும் தனி உரிமை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது உங்களுக்குள்ள உரிமைகளைச் சொல்கிறேன். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது; ரசீதில் அந்த வரியைச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். (காகிதத்துக்கு வரி உண்டு. விற்கும் நூலுக்கு வரி இல்லாததால் பதிப்பாளரால் அதை ஈடுகட்ட முடிவதில்லை. புத்தக விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். வாசகரும் பதிப்பாளரும் சேர்ந்து கேட்கவேண்டிய விஷயம் இது.) அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறைகேடாகவே கருதுகிறது. பக்கம் விட்டுப்போயிருந்தால், படிவங்கள் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தால் மாற்றித் தரவேண்டும். நல்ல பதிப்பகங்கள் கேட்டவுடன் மாற்றித் தருகின்றன. முன்வெளியீட்டுத் திட்டத்தில் பாதி விலைக்குப் பெரிய தொகுதிகள் கிடைப்பது உண்மைதான். வெளியாகும் தேதி எழுதிய ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

அண்மைக் காலத்தில் பெருகியிருக்கும் ஆபத்து வேறு. ‘பத்துப் புத்தகம் 499 ரூபாய்’ என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் வரும். முகவரியோ தொலைபேசி எண்ணோ இருக்காது. யுபிஐ குறியீடு மட்டும் இருக்கும். பணம் போகும், புத்தகம் வராது. வந்தாலும் மங்கலான மையில் அச்சிட்ட கள்ளப் பிரதியாக இருக்கும். ‘இலவச பிடிஎஃப்’ என்று சொல்லி, கைபேசியில் ஒரு செயலியை நிறுவச் சொல்லும் தளங்கள் இன்னும் மோசமானவை. பணம் பறிபோனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் மீளும் வாய்ப்பைக் குறைக்கிறது. இணைய அங்காடியில் வாங்கி ஏமாந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

ஒளிநகல் பற்றி மாணவர்களிடம் பெரிய குழப்பம் இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் கடைமீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், பாடம் கற்பிக்கத் தேவையான அளவுக்குப் பகுதிகளை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. பதிப்பகங்கள் அடுத்த ஆண்டு வழக்கைத் திரும்பப் பெற்றன. சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்பது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பார்வையற்றோரும் அச்சைப் படிக்க இயலாத பிறரும் தங்களுக்குத் தனி உரிமை இருப்பதை அறிய வேண்டும். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின், எந்த நூலையும் அவர்களுக்குப் பயன்படும் பிரெயில், ஒலி, மின்வடிவுக்கு லாப நோக்கமில்லாமல் மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை. இதற்கான மரகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. தமிழ் நூல்கள் அதில் பெருகத் தமிழ்ப் பதிப்பகங்கள் தங்கள் கோப்புகளைக் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. புதுமைப்பித்தனின் பிடிஎஃப்பை நண்பருக்கு அனுப்புங்கள். அதில் தடையே இல்லை. போன மாதம் வெளியான நாவலின் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் அதை மேலே அனுப்பாமல் அழித்துவிடுங்கள். தமிழில் சில நூறு பிரதிகள் அச்சிடும் பதிப்புகளே அதிகம். நூறு பேர் அந்தக் கோப்பைப் பகிர்ந்தால் அடுத்த பதிப்பே வராமல் போகலாம். நூலக அட்டையாலும் நாட்டுடைமை நூல்களாலும் மிச்சமாகும் பணத்தில், ஆண்டுக்கு மூன்று புத்தகமாவது இன்று எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களுடையதை விலை கொடுத்து வாங்குங்கள். பத்து சதவீதம் கழிவு கிடைக்கும் புத்தகக் கண்காட்சியில் வாங்கினாலும் சரி. வழக்கமான பத்து சதவீத ராயல்டியில், 300 ரூபாய் புத்தகம் ஒன்று விற்றால் எழுதியவருக்குக் கிடைப்பது 30 ரூபாய்.