‘விழுந்து முளைக்கிற பல்தானே’ன்னு விட்டுடாதீங்க!

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்துல, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்க ஒருத்தர் உட்கார்ந்து பால் கறக்குற சிற்பத்தைப் பார்த்திருப்பீங்க. அடுத்த முறை போனா, மண்டபத்துக்கு வெளியேயும் கொஞ்சம் கவனிங்க. வெயில்ல சிணுங்குற குழந்தை கையில ஒரு பிஸ்கட். அரை மணி நேரத்துல பாக்கெட் ஜூஸ். ஈ.சி.ஆர்-ல கார் கிளம்பினதும், தூங்கட்டும்னு வாயில பால் பாட்டில். சென்னை வர்ற வரைக்கும் அது வாயிலயேதான் இருக்கும்.

டூர் போற ஒருநாள் மட்டும்னா பரவாயில்லை. வீட்டுலயும் தினமும் இதேதான்னா, பாப்பாவோட பல்லுக்கு ஆபத்து.

பல் சொத்தைன்னாலே நாம சாக்லேட்டைத் திட்டுவோம். உண்மையில எவ்வளவு இனிப்பு சாப்பிட்டாங்கங்கிறதைவிட, எத்தனை தடவை, எந்த நேரத்துலங்கிறதுதான் முக்கியம். வாயில இருக்குற ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ மாதிரியான பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்னுட்டு அமிலத்தை விடும். அதை எச்சில் சரிபண்ண ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். ஒருநாளைக்கு ஆறு தடவை பிஸ்கட் கொறிச்சா, மூணு மணி நேரம் பல் அமிலத்துல ஊறுதுன்னு அர்த்தம். பால் பல்லோட எனாமல் பெரியவங்க பல்லோடதைவிட மெல்லிசு வேற. சீக்கிரமே அரிச்சிடும்.

ராத்திரி இன்னும் மோசம். தூங்கும்போது எச்சில் சுரக்குறது ரொம்பக் குறைஞ்சிடும். பாட்டிலோட தூங்குற குழந்தைக்கு, சர்க்கரை போட்ட பால் மேல் முன்பற்களைச் சுத்தி குளம் மாதிரி தேங்கி நிக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கிறதால பெரும்பாலும் தப்பிச்சிடும். அதனாலதான் இந்தக் குழந்தைகளுக்கு மேல் முன்பல் நாலும் முதல்ல அடிவாங்குது. 1962-லயே அமெரிக்கப் பல் மருத்துவர் எலியாஸ் ஃபாஸ் இதைக் கவனிச்சு எழுதிட்டார்.

ஃபீடிங் பாட்டில் விளம்பரத்துக்கு நம்ம நாட்டுல 1992-லயே சட்டம் போட்டுத் தடை விதிச்சாச்சு. ஆனா, குழந்தையைப் பார்க்க வர்றவங்க தர்ற கிஃப்ட் செட்ல பாட்டில் இல்லாம இருக்குமா என்ன?

‘அப்போ தாய்ப்பால்?’னு பதறாதீங்க. முதல் வருஷம் தாய்ப்பால் பல்லுக்குப் பாதுகாப்புதான். ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும் தொடரச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயசுக்கு மேல ராத்திரி அடிக்கடி குடிச்சிட்டு, பல்லும் சுத்தம் பண்ணாம விட்டாதான் ரிஸ்க்.

நம்ம கண்ணுக்குத் தெரியாத காரணங்களும் இருக்கு. பாட்டி தன் வாயில வெச்சு சூடு பார்த்த ஸ்பூன்லயே பாப்பாவுக்கு ஊட்டினா, பாட்டியோட சொத்தைக் கிருமியும் கூடவே போகும். (பாட்டிகிட்ட இதைச் சொல்றதுதான் பெரிய சவால்!) அடிக்கடி குடிக்கிற இனிப்பு மருந்து சிரப், தேன் தடவின நிப்பிள் எல்லாம் இதே லிஸ்ட்தான். தேன், ஒரு வயசுக்குள்ள கூடவே கூடாது. பொட்டுலிசம்ங்கிற ஆபத்தான நோய் வரலாம். குறைமாசத்துல பிறந்த குழந்தைகளுக்கு எனாமலே சரியா உருவாகாம இருக்கலாம். அவங்களுக்குக் கூடுதல் கவனம் வேணும்.

‘எப்படியும் விழப்போற பல்தானே’ன்னு வீட்டுல சொல்வாங்க. முன்பல் ஆறேழு வயசுல விழும், சரி. கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்கணுமே! சொத்தை வலியில குழந்தை சாப்பிடாது, தூங்காது, எடை ஏறாது. சீழ் கட்டினா, உள்ளே வளர்ற நிரந்தரப் பல்லையும் கெடுக்கலாம். ரொம்ப முத்திப்போனா, மூணு வயசுக் குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்து சிகிச்சை பண்ண வேண்டியிருக்கும். உலகம் முழுக்க 50 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பால் பல்லுல சொத்தை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது.

வீட்டுலயே ஒரு செக்கப் பண்ணலாம். மாசம் ஒருமுறை குழந்தையோட மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு ஓரமா சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையா தெரிஞ்சா, அதுதான் ஆரம்பம். இந்த ஸ்டேஜ்ல ஃப்ளூரைடு வார்னிஷ் வெச்சே தடுத்துடலாம். பழுப்பாகி குழி விழுந்துட்டா, தானா சரியாகாது.

முதல் பல் எட்டிப் பார்த்ததுமே பிரஷ் பண்ண ஆரம்பிக்கணும். மூணு வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். சில குழந்தைகள் பேஸ்ட்ல ஃப்ளூரைடே இருக்காது. 1,000 பி.பி.எம். இருக்கான்னு அட்டையில பார்த்து வாங்குங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி தண்ணியிலேயே ஃப்ளூரைடு அதிகம் இருக்குற பக்கம்னா டாக்டரைக் கேட்டுக்கோங்க.

முதல் பிறந்தநாளுக்குள்ள ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மாமல்லபுரம் பக்கத்துல இருக்கீங்கன்னா, காட்டாங்குளத்தூர்ல பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னையில 1953-ல ஆரம்பிச்ச அரசு பல் மருத்துவக் கல்லூரியில குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு.

ராத்திரி பாட்டிலை ஒரேநாள்ல பிடுங்கினா தெருவே எழுந்திடும். முதல்ல சர்க்கரையை நிறுத்துங்க. அப்புறம், தூங்குற நேரத்துல கேட்குற அந்த ஒரு பாட்டில்ல மட்டும் தினமும் பாலைக் கொஞ்சம் குறைச்சு, தண்ணியைக் கூட்டுங்க. வயிறு நிறையுற பாலை அதுக்கு முன்னாடியே டம்ளர்ல கொடுத்து, பல் தேய்ச்சு விட்டுடுங்க. ஒண்ணு, ரெண்டு வாரத்துல பாட்டில்ல வெறும் தண்ணிதான் இருக்கும். வெறும் தண்ணிக்காக பாதி ராத்திரியில அழுறதுக்கு, பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்ட்ரஸ்ட் இருக்காது.