குழந்தையின் பல்லில் வெள்ளைக் கோடு தெரிகிறதா?

“பால் பல்தானே! விழுந்து வேற முளைக்கப் போகுது. அதுக்குப் போய் டாக்டரா?”

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இந்த வார்த்தையை நம்பிச் சும்மா இருந்துவிடுகிற தாய்மார்கள் நிறையப் பேர். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்து முளைப்பது வாஸ்தவம்தான். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்து வேலை செய்ய வேண்டியவை. சொத்தையாகி அவற்றை முன்னாடியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து வந்துவிடும். பின்னால் முளைக்கிற பல் இடமில்லாமல் கோணிக்கொள்ளும்.

சொத்தை என்றதும் நாம் தேடுவது கறுப்புப் புள்ளியைத்தான். பல்லில் குழி விழுந்து கறுத்துத் தெரிகிறபோது காரியம் பாதி கைமீறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அடையாளம் கறுப்பு அல்ல, வெள்ளை! மேல் வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டினாற்போல், சாக்பீஸால் கீறிவிட்ட மாதிரி பளபளப்பில்லாத ஒரு வெள்ளைக் கோடு விழும். வலி இருக்காது. குழந்தை வழக்கம்போலச் சாப்பிடும், சிரிக்கும். மேல் உதடு அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, விரலால் மெதுவாக மேல் உதட்டை உயர்த்துங்கள். சுத்தமான மெல்லிய துணியால் பல்லைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எச்சில் ஈரத்தில் அந்த வெண்மை சட்டென்று கண்ணில் படாது. துடைத்ததும் போய்விட்டால் அது ஒட்டியிருந்த பாலும் அழுக்கும்தான். போகாமல் நின்றால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மாதம் ஒரு தடவை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நாளில் பார்ப்பதென்று வைத்துக்கொண்டால் மறக்காது.

‘பல்லில் பூச்சி விழுந்திருக்கு’ என்று சொல்கிறோமே, அப்படி ஒரு பூச்சி கிடையவே கிடையாது. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்ற பல் வைத்தியர் 1890லேயே எழுதிவிட்டார். வெள்ளைக் கோடு என்பது பல்லின் மேல்பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து போன இடம். இன்னும் ஓட்டை விழவில்லை. அதனால் இந்தக் கட்டத்தில் கவனித்தால் அதே இடம் மறுபடி இறுகிக்கொள்ளும். டாக்டர்கள் இதற்கென்றே ஃப்ளோரைடு மருந்தைப் பல்லின் மேல் பூசுகிறார்கள். ஓட்டை விழுந்தபிறகு அடைக்கத்தான் முடியும், தானாக மூடாது.

ஒரு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் வெண் தீற்றல்கள் இருக்கும். அது வேறு. பெரும்பாலும் விழுந்து முளைத்த பற்களில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக, பல்லின் குறுக்கே பரவியிருக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் எந்தப் பேஸ்ட் என்பதை டாக்டரைக் கேட்டே வாங்குவது நல்லது.

மேல் பல் மட்டும் ஏன் முதலில் கெடுகிறது? பால் புட்டிதான் பெரும்பாலும் காரணம். சர்க்கரை போட்ட பாலைப் புட்டியோடு வாயில் வைத்துத் தூங்கப் பண்ணுகிறோம். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். பால் மேல் பற்களைச் சுற்றியே தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடுகிறது. பாலைப் படுக்கும் முன்பே கொடுத்து, வாயைத் துடைத்துவிடுங்கள். புட்டி வேண்டுமென்று அடம் பிடித்தால் வெறும் தண்ணீர். இரண்டு நாள் அழும், பிறகு சரியாகிவிடும். பகலிலும் அப்படித்தான். ஒரு மிட்டாயைச் சாப்பாட்டோடு தின்பதைவிட, பிஸ்கட்டும் ரஸ்க்கும் மணிக்கொருதரம் கொறிப்பது பல்லுக்கு அதிகக் கெடுதல்.

முதல் பல் முளைத்ததுமே பிரஷ் வேண்டும். மூன்று வயது வரை ஃப்ளோரைடு பேஸ்ட் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நிறையப் பிதுக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏழு வயது வரை ராத்திரி வேளை தேய்ப்பு உங்கள் கையாலேயே நடக்கட்டும்.

பேசத் தெரிந்த குழந்தையானால் சின்னச் சின்ன சமாசாரங்களைக் கவனியுங்கள். ஒரே பக்கமாக மெல்லுகிறதா? ஐஸ்கிரீம் பட்டதும் முகம் சுளிக்கிறதா? தினமும் அதே இடுக்கில் சாதம் மாட்டிக்கொள்கிறதா? ஈறில் சின்னக் கொப்புளம் தெரிந்தாலோ கன்னம் வீங்கினாலோ கிராம்புத் தைலம் தடவி நாளைத் தள்ளாதீர்கள். அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால் பல் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். அதன் மேல் பள்ளங்கள் ஆழமாக இருந்தால், சொத்தை பிடிக்குமுன் டாக்டர் ஒரு பூச்சுப் போட்டு மூடிவிடுவார். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.