விளையாட்டும் வினையும்

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை நமக்கு வேண்டிய குடும்பத்தார் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன் கைப்பேசியில் ஏதோ ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தான். வீட்டிற்கு வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவும் அவனுக்கு நேரமில்லை.

"பாருங்கள், எந்நேரமும் இதே கதிதான். விளையாட்டு வினையாகும் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன், கேட்பதாயில்லை. நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார் தந்தை.

மகன் தலைநிமிர்ந்தான். "ஐயா, 2024-இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் என் வயதில் கணிப்பொறி விளையாட்டுதான் செய்துகொண்டிருந்தார். அப்பாவுக்கு அது தெரியுமா?" என்று கேட்டான்.

தந்தை நம்மைப் பார்த்தார். மகனும் நம்மைப் பார்த்தான். கணிப்பொறிச் செய்திகளையும் அறிவியல் செய்திகளையும் ஆர்வத்தோடு படித்து வருபவர் என்று நமக்கு அவ்வீட்டில் ஒரு பெயர் உண்டு. ஆகவே விடை சொல்ல வேண்டிய கடன் நமக்கு வந்து சேர்ந்தது. இத்தகைய வழக்கு இன்று பல வீடுகளில் நடந்துகொண்டிருப்பதால், அன்று நாம் கூறியவற்றைச் சற்று விரிவாக இங்கே எழுதுகின்றோம்.

சிறுவனும் சதுரங்கப் பலகையும்

மகன் குறிப்பிட்டவர் டெமிஸ் ஹசாபிஸ். இவர் 1976-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். தந்தை சைப்ரஸ் நாட்டுக் கிரேக்க வழியினர். தாய் சிங்கப்பூர்ச் சீனர். நான்கு வயதில் சதுரங்கம் ஆடத் தொடங்கினார். பதின்மூன்று வயதிற்குள் தேர்ந்த ஆட்டக்காரர்களின் வரிசையில் இடம்பெற்றார். போட்டிகளில் வென்ற பணத்தைக்கொண்டு தம் முதல் கணிப்பொறியை வாங்கினார். பதினேழு வயதில், பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றை நிறுவி நடத்தும் 'தீம் பார்க்' என்ற கணிப்பொறி விளையாட்டை உருவாக்கிய குழுவில் முக்கிய பங்காற்றினார். அது 1994-இல் வெளிவந்தது.

ஆகவே மகன் கூறியது உண்மையே. ஆயினும் அவன் சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. அந்த இளைஞர் அப்போது விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கவில்லை, ஆக்கிக்கொண்டிருந்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் கணிப்பொறியியல் பயின்றார். மனித மூளை எவ்வாறு நினைவுகூர்கிறது, எவ்வாறு கற்பனை செய்கிறது என்பதை ஆராய்ந்து லண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். 2010-இல் நண்பர் இருவருடன் சேர்ந்து 'டீப்மைண்ட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2014-இல் கூகுள் அதனை விலைக்கு வாங்கிற்று.

விளையாட்டுக்கென்று பிறந்த சில்லு

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். இன்று உலகெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவு எந்தச் சில்லுகளின்மீது இயங்குகிறதோ, அவையும் விளையாட்டுக்கென்று பிறந்தவையே.

கணிப்பொறித் திரையில் ஒரு கார் ஓடுவதாகக் காட்ட வேண்டுமானால், திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் ஒரு நொடிக்குள் பலமுறை நிறம் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கணக்கும் எளியது. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். திருவிழா விருந்தை எண்ணிப் பாருங்கள். தலைமைச் சமையல்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், ஒருவராகவே பத்து மூட்டை வெங்காயத்தை நறுக்கிவிட முடியுமா? சாதாரணமான நூறு பேர் வரிசையாக உட்கார்ந்தால் அது விரைவில் முடிந்துவிடும். கணிப்பொறியின் மையச் செயலி அந்தத் தலைமைச் சமையல்காரரைப் போன்றது. விளையாட்டுக்காக அமைத்த வரைகலைச் சில்லோ அந்த நூறு பேரைப் போன்றது. 1993-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்விடியா என்ற நிறுவனம் இத்தகைய சில்லுகளைச் செய்து பெயர்பெற்றது.

2012-ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹிண்டனும் அவருடைய மாணவர் இருவரும் படங்களை அடையாளம் காணக் கணிப்பொறிக்குக் கற்பித்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவை, விளையாட்டுப் பிரியர்கள் கடையில் வாங்கும் வரைகலை அட்டைகள் இரண்டே. பன்னிரண்டு இலட்சம் படங்களைக் காட்டி, ஐந்தாறு நாள்களில் பயிற்சியை முடித்தனர். அவ்வாண்டுப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றவரின் பிழை நூற்றுக்கு 26-க்கு மேலிருக்க, இவர்களுடைய பிழை 15 அளவிலேயே நின்றது. இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சி அந்த வெற்றியிலிருந்தே தொடங்கிற்று எனலாம். ஹிண்டன் 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சோல் நகரில் ஐந்து ஆட்டங்கள்

ஹசாபிஸின் குழுவினர் தங்கள் பொறிக்கு விளையாட்டையே பள்ளிக்கூடமாக்கினர். விளையாட்டில் விதி தெளிவு. வெற்றி தோல்வி தெளிவு. ஆயிரம் முறை தோற்றாலும் யாருக்கும் தீங்கில்லை. கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த களம் ஏது?

'கோ' என்பது சீனத்தில் தோன்றிய பழம்பெரும் ஆட்டம். பத்தொன்பது கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும் வைத்து ஆடுவர். 2016 மார்ச்சில் தென்கொரியாவின் சோல் நகரில், உலகப் புகழ்பெற்ற வீரர் லீ செடோலை எதிர்த்து 'ஆல்ஃபாகோ' என்ற பொறி ஆடிற்று. ஐந்து ஆட்டங்களில் நான்கைப் பொறியே வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37-ஆம் காயைத் தவறு என்றே அறிஞர் பலர் முதலில் எண்ணினர். பின்னர் அதன் நுட்பத்தைக் கண்டு வியந்தனர். நான்காம் ஆட்டத்தில் லீ வைத்த 78-ஆம் காயோ பொறியையே தடுமாறச் செய்தது. அந்த ஓர் ஆட்டத்தில் மனிதர் வென்றார்.

2019-இல் லீ செடோல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். எவ்வளவு முயன்று முதலிடம் பெற்றாலும் வெல்லவியலாத ஒன்று இருக்கிறதே என்பதை அவர் ஒரு காரணமாகக் கூறினார். இச்செய்தியைப் படித்தபோது நமக்கு வருத்தமே மேலிட்டது. பொறியின் வெற்றியைக் கொண்டாடுவோர் அம்மனிதரின் சோர்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

எனினும் பொறி வென்றதால் ஆட்டம் அழிந்துவிடுவதில்லை. 1997-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. அதன் பின்னரும் சதுரங்கம் தழைத்தே நிற்கிறது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் உலகப் பட்டத்தை வென்றதை நாம் அறிவோம். அவர் தம் தொடக்கப் பயிற்சிக் காலத்தில் கணிப்பொறியின் துணையை நாடாமல், தம் மூளையைக்கொண்டே கணக்கிடப் பழகினார் என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதலில் சொந்தச் சிந்தனை. பின்னரே பொறியின் துணை. பிள்ளைகளின் வீட்டுப்பாடத்திற்கும் இது நல்ல விதியாகும்.

புரதம் என்னும் புதிர்

விளையாட்டில் பெற்ற பயிற்சி எங்கே பயன்பட்டது? உயிரியலின் பழைய புதிர் ஒன்றில்.

நம் உடலில் உணவைச் செரிப்பதும், குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும், நோய்க்கிருமியை எதிர்ப்பதும் புரதங்களே. ஒவ்வொரு புரதமும் இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை போன்றது. அந்த மாலை சுருண்டு மடங்கி ஒரு வடிவம் கொள்கிறது. அவ்வடிவத்தைப் பொறுத்தே அதன் தொழில் அமைகிறது. வடிவம் தெரிந்தால் நோயின் காரணம் விளங்கும்; மருந்திற்கும் வழி பிறக்கும். ஆனால் அதைக் கண்டறிவது எளிதன்று. குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் வடிவத்தைக் காண மாக்ஸ் பெரூட்ஸ் என்ற அறிஞருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இத்துறையில் தமிழகத்திற்கும் பெருமைமிக்க இடமுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோர் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் வளைய முடியாது என்பதைக் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டனர். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரில் அது இன்றும் புரத வடிவங்களைச் சோதிக்கும் உரைகல்லாக விளங்குகிறது.

விளையாட்டுக்காரர்களும் இப்பணியில் கைகொடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் என்பாரின் ஆய்வுக்குழுவினர் பிறருடன் சேர்ந்து 2008-இல் 'ஃபோல்டிட்' என்ற கணிப்பொறி விளையாட்டை வெளியிட்டனர். புரத மாலையைத் திரையில் மடக்கிச் சரியான வடிவம் காண்பதே ஆட்டம். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் வைரஸ் ஒன்றின் புரதம் பத்தாண்டுகளுக்கு மேல் அறிஞர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. 2011-இல் இவ்விளையாட்டை ஆடிய பொதுமக்கள் மூன்றே வாரங்களில் அதற்கு வழிகாட்டினர்.

அடுத்துப் பொறியின் முறை வந்தது. புரத வடிவத்தைக் கணிக்கும் உலகப் போட்டி 1994 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்தது. 2020-இல் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் நடத்திய குழுவின் 'ஆல்ஃபாஃபோல்டு' அதில் வியத்தகு வெற்றி பெற்றது. 2022 ஜூலைக்குள் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைக் கணித்து, யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிட்டனர். 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி பேக்கருக்கும், மறுபாதி ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் வழங்கப்பட்டது.

இச்சாதனையில் நம்மைக் கவர்ந்தவை இரண்டு. அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் அறிஞர்கள் ஆய்வுக்கூடங்களில் கண்டுபிடித்துப் பொதுவில் வைத்த ஏறத்தாழ 1,70,000 வடிவங்களைப் படித்தே பொறி கற்றது. மனித உழைப்பே அதன் பாடநூல். இரண்டாவதாக, தன் கணிப்பில் எந்தப் பகுதி உறுதியானது, எந்தப் பகுதி ஐயத்திற்குரியது என்பதை அது நிறம் பிரித்துக் காட்டுகிறது. நீலமானால் நம்பலாம்; ஆரஞ்சு நிறமானால் எச்சரிக்கை. வினாவுக்கு விடையாகச் சரளமாக உரையாடும் இன்றைய பொறிகளோ தவறையும் அதே உறுதியோடு சொல்லிவிடுகின்றன. தெரியாததைத் தெரியாது என்று காட்டும் பொறியையே நாம் மதிக்கிறோம். அன்றியும், வடிவத்தைக் கணித்துவிட்டதாலேயே மருந்து கைக்கு வந்துவிடாது. அது பாதுகாப்பானதா, பயன் தருமா என்பதைச் சோதிக்க ஆண்டுகள் பல ஆகும்.

வினையாகும் விளையாட்டு

அப்படியானால் தந்தையின் அச்சம் வீணானதா? அன்று, அன்று.

விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதற்கே முதலிடம் கொடுத்தல், தீங்கு கண்ட பின்னும் விடாமை ஆகியவை ஓராண்டளவு நீடித்து வாழ்வைக் கெடுக்குமானால், அதனை ஒரு நோயாகவே உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டது. எல்லா விளையாட்டும் நோய் என்று அது கூறவில்லை. எல்லை கடந்ததையே கூறிற்று.

சில விளையாட்டுகளில் பணம் கொடுத்து ஒரு மூடிய பெட்டியை வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்பது திறக்கும்வரை தெரியாது. அடுத்த பெட்டியிலாவது கிடைக்காதா என்ற ஏக்கமே பிள்ளையைக் கட்டிப்போடுகிறது. சூதாட்டத்தின் சூட்சுமமும் இதுவே. பெல்ஜியம் நாடு 2018-இல் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதே சட்டம் திறமையை வளர்க்கும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து ஊக்குவிக்கவும் செய்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இருவருக்கும் நம் விடை

மகனிடம் நாம் கேட்டவை இவை. "தம்பி, நிறுத்த வேண்டும் என்று நீ நினைத்த நேரத்தில் உன்னால் நிறுத்த முடிகிறதா? இவ்விளையாட்டு எவ்வாறு இயங்குகிறது என்று அறிய உனக்கு ஆவல் பிறந்ததுண்டா? இதில் நீ வென்றபோது வேறு யாருக்கேனும் பயன் விளைந்ததா? இம்மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்று சொல்ல முடியாவிட்டால், நோபல் பரிசு பெற்றவரைத் துணைக்கு அழைக்காதே. அவர் விளையாட்டை ஆண்டார். உன்னையோ விளையாட்டு ஆள்கிறது. விளையாடிய எல்லாரும் அறிஞராவதும் இல்லை."

தந்தையிடம் கேட்டவையும் உண்டு. "ஐயா, மகன் ஆடும் விளையாட்டின் பெயர் தங்களுக்குத் தெரியுமா? அதில் பணம் கட்ட வேண்டுமா, யாருடன் ஆடுகிறான் என்று என்றேனும் விசாரித்தீர்களா? அவன் பக்கத்தில் ஒரு கால்மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்தீர்களா?"

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் மகன் மெல்லிய குரலில், "முதல் கேள்விக்கு என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை, ஐயா" என்றான். உண்மையை ஒப்புக்கொண்ட அந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது.

தந்தை கோபிக்கவில்லை. நாற்காலியை மகனருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, அது என்ன விளையாட்டு? எனக்கும் காட்டு. கால்மணி நேரம் ஆனதும் இரண்டு பேரும் சேர்ந்தே நிறுத்துவோம்" என்றார்.

நாம் விடைபெற்றுக்கொண்டோம்.