பாஸிஸப் பொருளாதாரமும் அயலுறவுக் கொள்கையும்: மலையக நோக்கில் சில குறிப்புகள்

‘பாஸிஸம்’ என்ற சொல் நமது அரசியல் மேடைகளிலே பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லாகவே வழங்கி வருகின்றது. கடுமையான தோட்ட நிர்வாகமும் பாஸிஸம். பொலிஸ் தடியடியும் பாஸிஸம். இவ்வாறு எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராகிவிட்ட ஒரு சொல் எதனையும் விளக்குவதில்லை. ஹிட்லர் ஆட்சியில் பொருளாதாரக் கொள்கையும் அயலுறவுக் கொள்கையும் எவ்வாறு ஒரே இயக்கத்தின் இரு முகங்களாய் அமைந்தன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இராகலை போன்ற ஒரு தேயிலைப் பிரதேசத்திலிருந்து இவ்வரலாற்றை நோக்குவதற்கு நியாயமுண்டு. அதன் சில கூறுகள் காலனித்துவப் பெருந்தோட்டத்தை அறிந்தவர்களுக்கு முற்றிலும் புதியவையல்ல.

1. கடனும் படைக்கலமும்

1933 ஜனவரி 30 இல் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பேற்றபோது ஜேர்மனியில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வேலையற்றிருந்தனர். அதே ஆண்டு மே 2 இல் தொழிற்சங்கப் பணிமனைகள் கைப்பற்றப்பட்டன. கூலி, மந்த காலத்துத் தாழ்ந்த மட்டத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் வேலையின்மை மறைந்தது உண்மையே. ஆயின் அதன் உள்ளடக்கம் யாது? 1933 இல் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 1 பங்காயிருந்த படைச்செலவு 1938 அளவில் ஏறத்தாழ 20 பங்காக உயர்ந்தது. குரூப், சீமன்ஸ் முதலிய நான்கு பெருநிறுவனங்களின் பெயரில் நிறுவப்பட்ட ‘மெஃபோ’ என்ற கடதாசிக் கம்பனியின் உண்டியல்கள் மூலம் ஏறத்தாழ 1,200 கோடி மார்க் திரட்டப்பட்டது. வரவுசெலவுத் திட்டத்தில் தோன்றாத இக்கடன் படைக்கலப் பெருக்கத்தை உலகின் கண்ணிலிருந்து மறைத்தது.

2. அந்நியச் செலாவணியும் எல்லை விரிவும்

படைக்கலத்திற்கு இரும்புத்தாது, எண்ணெய், இறப்பர் ஆகியன வேண்டும். இவற்றிற் பெரும்பகுதி இறக்குமதி. 1934 இல் அந்நியச் செலாவணி வற்றியது. பொருளாதார அமைச்சர் ஷாக்ட் அவ்வாண்டு செப்டெம்பரில் வகுத்த ‘புதிய திட்டம்’ இறக்குமதி ஒவ்வொன்றையும் அனுமதிக்கு உட்படுத்தியது. வணிகத்தை இருதரப்புக் கணக்குத் தீர்ப்பாக மாற்றியது. பல்கேரியாவும் ருமேனியாவும் ஹங்கேரியும் தானியத்தையும் எண்ணெயையும் விற்றன. விலையோ பேர்லின் கணக்கிலே தேங்கியது. அதனைக் கொண்டு ஜேர்மன் பொருளை மாத்திரமே வாங்கலாம். அயலுறவு இங்கே கடன்பொறியாகியது.

அந்நாளில் இயற்கை இறப்பரின் பெரும்பகுதி இலங்கை உட்பட்ட பிரித்தானிய, ஒல்லாந்தக் குடியேற்ற நாடுகளிலிருந்தே கிடைத்தது. 1934 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை அதன் ஏற்றுமதியை மட்டுப்படுத்தியது. அதனைச் சார்ந்திராதிருக்க நிலக்கரியிலிருந்து ‘புனா’ என்னும் செயற்கை இறப்பர் அதிக செலவில் உற்பத்தி செய்யப்பட்டது. கோரிங்கின் பொறுப்பில் 1936 இல் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தின் சாரம் இதுவே. ஆயினும் தன்னிறைவுக்கு எல்லையுண்டு. எனவே நாட்டின் எல்லை விரிக்கப்பட்டது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா இணைக்கப்பட்டதும் அதன் மத்திய வங்கியின் பொன் பேர்லினுக்குச் சென்றது. அவ்வாண்டு நவம்பரில் யூதர்மீது 100 கோடி மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. 1939 மார்ச்சில் செக் நாட்டின் ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலை கைக்கு வந்தது. கொள்ளை இங்கு கொள்கையின் பிறழ்ச்சியன்று, கொள்கையின் நிதியாதாரமாகும்.

பாஸிஸத்தை நிதி மூலதனத்தின் மிகப் பிற்போக்கான பகுதியினரது சர்வாதிகாரமாக 1935 இல் டிமித்ரோவ் வரையறுத்தார். இவ்வரையறை பயனுடையதேனும் முழுமையானதன்று. பெருமூலதனம் பெரும் ஆதாயம் பெற்றது; ஆயின் அரசினைத் தன் விருப்பப்படி இயக்க அதனால் இயலவில்லை. நாஸிகளுக்கு நிதியளித்த உருக்கு முதலாளி தீசன் 1939 இல் நாட்டைவிட்டு ஓடினார். ஷாக்ட் மத்திய வங்கியிலிருந்து அதே ஆண்டு நீக்கப்பட்டார்.

3. ஐரோப்பாவில் ஒரு காலனி

இங்கிலாந்துக்கு இந்தியா எப்படியோ அப்படியே ஜேர்மனிக்கு ரஷ்யா அமையவேண்டும் என்பது ஹிட்லரின் எண்ணம். 1941 படையெடுப்புக்கு முன்னரே அங்குள்ள கோடிக்கணக்கானோரின் உணவைப் பறித்துப் பட்டினியிடும் திட்டம் வகுக்கப்பட்டது. 1944 அளவில் 75 இலட்சத்திற்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளரும் போர்க்கைதிகளும் ஜேர்மனியில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர். கிழக்கிலிருந்து வந்தோர் அடையாளப் பட்டி அணிந்து முகாம்களில் அடைபட்டனர். துண்டு முறையையும் லயத்தையும் கங்காணியின் கடனையும் அறிந்தவர்கள் இதன் சாயலை உணர்வர். காலனிகளில் நிகழ்ந்ததே ஐரோப்பாவுக்குத் திரும்பியது என எய்மே செசேர் 1950 இல் வாதிட்டதும் இதுபற்றியே.

ஆயின் சாயல் வேறு, சமன் வேறு. தோட்டமுறைமை உழைப்பாளியை உயிருடன் வைத்துச் சுரண்டியது. நாஸிசமோ ஏறத்தாழ 60 இலட்சம் யூதரை அழிப்பதையே இலக்காகக் கொண்டு அழித்தது. அவுஷ்விட்ஸ் அருகே புனாத் தொழிற்சாலை கட்டிய கைதிகளுக்கு உழைப்பே மரணமாயிற்று. இவ்வேறுபாட்டை மறப்பது ஆய்வுப் பிழை மட்டுமன்று, அறப்பிழையுமாகும்.

4. மலையகத்துக்கு இதன் பொருள்

பாஸிஸத்திற்கு எதிரான யுத்தம் என்று பிரித்தானியர் பறைசாற்றிய காலத்திலேயே, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். பாஸிஸத்தை எதிர்ப்பதும் ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

1935 செப்டெம்பரின் நூரம்பேர்க் சட்டம் ஜேர்மன் மக்களைப் பிரஜை என்றும் வெறும் ஆளப்படுவோர் என்றும் பிரித்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை அதனோடு சமப்படுத்துவது தவறு. இது பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அழித்தொழிப்பு இதன் நோக்கமன்று. எனினும் உழைப்பை வைத்துக்கொண்டு உழைப்பாளியின் அரசியல் உரிமையைக் களைவது என்னும் கூறு இங்கும் இருந்தது. 1964 இல் இரு அரசுகள் 9,75,000 மனிதரைப் பங்கிட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. நாடற்றோராக எஞ்சியவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

எனவே ஓர் ஆட்சியைப் பாஸிஸம் எனப் பெயரிடுமுன் நாம் வினவவேண்டியவை சில உள. தொழிற்சங்கத்துக்கு என்ன நேர்ந்தது? கூலி யாருக்காக நிறுத்தப்பட்டது? கடன் எதற்காக வாங்கப்பட்டது? பிரஜையல்லாதோர் எனப் பிரிக்கப்பட்டவர் யாவர்? அயலுறவு யாருடைய வாழ்வைப் பேரம்பேசுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணாது பெயரிடுவோர், முழுமையான பாஸிஸத்தைத் தேடிக்கொண்டிருக்கையில் அதன் தனிக்கூறுகள் சட்டத்தின் வாயிலாக வந்து சேர்வதைக் காணத் தவறுவர்.