பெட்டி மாறலாம், சாவி தொலையலாமா?

இன்று மின்னஞ்சல் இல்லாத அலுவலகமே இல்லை எனலாம். ஆனால், நாம் அனுப்பும் மின்னஞ்சல் உறையில்லாத அஞ்சலட்டையைப் போன்றது என்பதைப் பலர் அறிவதில்லை. சேவையகங்களுக்கு இடையிலான இணைப்பு இக்காலத்தில் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டதுதான். இருந்தாலும், மடல் தங்கிச் செல்லும் ஒவ்வொரு சேவையகத்திலும் அது திறந்த நிலையிலேயே கிடக்கிறது. சம்பளச் சீட்டும் மருத்துவ அறிக்கையும் அப்படிக் கிடக்கலாமா?

இக்கேள்விக்கு விடையாக வந்ததே மறைகுறியாக்கம். 1991-ஆம் ஆண்டில் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் பி.ஜி.பி. எனும் மென்பொருளை வெளியிட்டார். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. பொதுச் சாவியை யாருக்கும் கொடுக்கலாம்; அதனால் மடலைப் பூட்ட மட்டுமே முடியும். பூட்டியதைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும். அதை உரியவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் நூறு பேர் இருந்தால் நூறு பேரும் சாவியைச் சரியாகப் பராமரிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, அலுவலகத்தின் வாசலிலேயே ஒரு சேவையகத்தை வைத்து, வெளியே போகும் மடலைப் பூட்டவும் உள்ளே வரும் மடலைத் திறக்கவும் செய்கிறார்கள். நெதர்லாந்தில் உருவான சைபர்மெயில் இவ்வகையைச் சேர்ந்தது. எல்லாருடைய சாவிகளும் அதன் தரவுத்தளத்தில் இருக்கும். அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் மரியாடிபியிலும் இயங்கும்.

எனக்குக் கிடைத்த வேலை

ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சிக்குச் சென்றபோது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான். அங்கே மற்ற எல்லாச் சேவையகங்களும் மரியாடிபியில் ஓடின. மின்னஞ்சல் பூட்டும் சேவையகம் மட்டும் போஸ்ட்கிரெஸில் இருந்தது. போஸ்ட்கிரெஸ் தெரிந்த ஒரே ஊழியர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். நம் ஜொகூரில் இது புதிய கதையல்ல! தெரிந்தவர் இல்லாத பொருளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஆகவே, மாற்ற முடிவு செய்தார்கள்.

எனக்கு வழிகாட்டிய அண்ணன் முதல் நாளே எச்சரித்தார். “தம்பி, பழசுல இருந்து அப்படியே தூக்கிப் புதுசுல போட்டுடலாம்னு நினைக்காதே. முதல்ல சோதனைக் கணினியில செஞ்சு பாரு.”

நானோ அப்படித்தான் நினைத்தேன். அட்டவணைகளை ஒவ்வொன்றாக மரியாடிபிக்கு மாற்றினேன். சேவையகம் ஓடியது. சாவிகளின் பட்டியலும் திரையில் வந்தது. “முடிஞ்சது அண்ணே” என்றேன். அவர் பூட்டிய பழைய மடல் ஒன்றை அதற்கு அனுப்பினார். அது திறக்கவில்லை.

நான் கற்ற நான்கு பாடங்கள்

முதலாவது, சாவிக்கும் ஒரு பூட்டு உண்டு. தரவுத்தளத்தைத் திருடியவன் தனிச் சாவியையும் எடுத்துவிடக் கூடாது அல்லவா? அதனால் தனிச் சாவியை ஒரு கடவுச்சொல்லால் பூட்டியே அதில் வைக்கிறார்கள். அந்தக் கடவுச்சொல் தரவுத்தளத்தில் இல்லை. சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் இருந்தது. நான் பெட்டியைத் தூக்கி வந்தேனே தவிர, கடவுச்சொல்லைப் பழைய கணினியிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாவது, அளவு. போஸ்ட்கிரெஸில் இத்தகைய இருமத் தரவைப் ‘பைட்டியே’ என்ற வகையில் வைப்பார்கள். அது 1 ஜிகாபைட் வரை கொள்ளும். மரியாடிபியின் ‘பிளாப்’ வகை 65,535 பைட் மட்டுமே கொள்ளும். கண்டிப்பு நிலை அணைக்கப்பட்டிருந்தால், மிஞ்சியதை வெட்டிவிட்டு எச்சரிக்கையோடு மேலே போய்விடும். வெட்டுப்பட்ட சாவி சாவியே அல்ல. சாவி அவ்வளவு பெரிதாகுமா என்று கேட்கலாம். 2019 ஜூனில் உலகப் பொதுச்சாவிச் சேவையகங்களில் சிலருடைய சாவிகள்மீது விஷமிகள் பல்லாயிரக்கணக்கான போலிக் கையொப்பங்களைச் சேர்த்து, அவற்றைப் பல மெகாபைட் அளவுக்கு ஊதிப் பெருக்கினர். ‘லாங்பிளாப்’ வகையைத் தேர்ந்தெடுத்தால் இக்கவலை இல்லை.

மூன்றாவது, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும். ஒரே மின்னஞ்சல் முகவரியை ஒருவர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னொருவர் சிறிய எழுத்தில் தொடங்கியும் பதிந்திருந்தனர். போஸ்ட்கிரெஸுக்கு அவை இரண்டு முகவரிகள். மரியாடிபி வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே கருதும். எனவே, ‘இரட்டைப் பதிவு’ என்று மறுத்துவிட்டது. மாற்றுவதற்கு முன்பே இவற்றைத் தேடித் திருத்த வேண்டும்.

நான்காவது, நம் தமிழ். சோதனைக்காக ஒரு பயனரை ‘அம்மா’ என்று தமிழில் பதிந்திருந்தேன். புதிய தரவுத்தளத்தில் ஐந்து கேள்விக்குறிகள் வந்தன! நம் கண்ணுக்கு ‘அம்மா’ மூன்று எழுத்து. யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். குறியீட்டுக்கு 3 பைட் வீதம் மொத்தம் 15 பைட். நான் உருவாக்கிய அட்டவணை ‘லத்தீன்1’ எழுத்துருவாக்கத்தில் இருந்ததால் ஐந்தையும் அது தூக்கி எறிந்துவிட்டது. மனம் சுருக்கென்றது. தரவுத்தளத்தை உருவாக்கும்போதே ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று குறிப்பிட்டால் தமிழ் அப்படியே இருக்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இக்குறையை நான் கண்டிருக்கவே மாட்டேன்.

பிறகு எப்படி மாற்றினோம்?

தரவுத்தளத்தின் குடலை அள்ளி இன்னொன்றில் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். சாவிகளுக்கென்று எல்லா மென்பொருளுக்கும் புரியும் பொது வடிவங்கள் உண்டு. பழைய சேவையகத்திலிருந்து சாவிகளைக் கடவுச்சொல்லோடு அவ்வடிவில் ஏற்றுமதி செய்து, மரியாடிபியில் புதிதாக நிறுவிய சேவையகத்தில் இறக்குமதி செய்தோம். முன்பு சொன்ன உலகச் சேவையகங்களின் கதையும் இதுவே. பெர்க்லி டிபியை நம்பியிருந்த பழைய எஸ்.கே.எஸ். மென்பொருளை விட்டு, போஸ்ட்கிரெஸைப் பயன்படுத்தும் ஹாக்கிபக்கிற்குப் பலர் மாறியபோது, சாவிகளைப் பொது வடிவிலேயே கொண்டு சென்றனர்.

அதன்பின் சாவிகளை எண்ணினோம். ஒவ்வொன்றின் கைரேகை எண்ணையும் ஒப்பிட்டோம். பழைய மடல்கள் திறக்கின்றனவா என்று பார்த்தோம். எல்லாம் சரி என்று உறுதியான பிறகே அஞ்சலைப் புதிய சேவையகத்திற்குத் திருப்பினோம். பழையதை உடனே அழிக்கவில்லை. அணைத்து, பூட்டிய அறையில் வைத்தோம்.

ஏன் இவ்வளவு கவனம்?

தனிச் சாவி தொலைந்தால் அதை மீண்டும் உருவாக்க யாராலும் முடியாது. பூட்டிய நிலையில் காப்பகத்தில் உள்ள மடல்கள் என்றென்றும் திறவா. நம் பழைய பொதுச் சாவியை வைத்திருப்பவர்கள் அனுப்பும் மடல்களும் பூட்டியபடியே வந்து நிற்கும். மாறாக, சாவி பிறர் கைக்குப் போனாலோ எல்லாருடைய அந்தரங்கமும் வெளியே வரும். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. தரவுக் கசிவைத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் அதில் சேர்ந்துள்ளது. எனவே, பழைய வன்தட்டைத் தூக்கி எறிவதும் விளையாட்டல்ல.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது, கணினிக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை என்றே எண்ணியிருந்தேன். அந்த ஐந்து கேள்விக்குறிகள் என் எண்ணத்தை மாற்றின. தம்பி தங்கையரே, நாளை நீங்கள் எந்தத் தரவுத்தளத்தைக் கையாண்டாலும், சோதனைப் பதிவுகளில் ஒன்றையாவது தமிழில் எழுதிப் பாருங்கள். நாம் சோதிக்காவிட்டால் நமக்காக வேறு யார் சோதிப்பார்கள்?